பெடியனுக்குப் பெண் பார்க்கப் போன கதை

எனக்கு எழுபத்தாறு வயது. முதல் வரியிலேயே இதைச் சொல்லி வைக்கிறேன். இந்த ஒன்றை நேராகச் சொல்ல வாய் வராததால்தான், போன கோடையில் முன்பின் தெரியாத ஒரு சுவிஸ் பெண்மணியின் தோட்டத்தில், கையில் முருங்கை இலையோடு அசடு வழிய நிற்க நேர்ந்தது.

பழக்கம் அப்படி. சுவிஸில் எம்மன்புரூக்கே என்ற ஊரின் தொழிற்சாலையில் இரும்போடு மாரடித்த காலமெல்லாம், வேலை முடிந்து வந்து நான் பார்த்த இன்னொரு வேலை கலியாணம் பேசுவது. காசுக்காக இல்லை, வாய் சும்மா இருக்காது என்பதற்காக. சூரிச்சில் இருக்கும் பெடியனையும் பேர்னில் இருக்கும் பெட்டையையும் தொலைபேசியிலேயே கோத்துவிடுவேன். பேச்சுக்காலில், அதாவது சம்பந்தம் பேசும் இடத்தில், உட்கார்ந்தால் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. வயது விஷயத்தில் என்னிடம் ஒரு விதி இருந்தது. ஆண் என்றால் ஐந்தைக் குறை, பெண் என்றால் இரண்டைக் குறை. எதிர்ப்பக்கமும் எப்படியும் குறைத்துத்தான் சொல்லும் என்பதால் இதில் யாருக்கும் நட்டமில்லை. கண் மங்கல் என்றால் 'நல்லாய்ப் படித்த பிள்ளை, கண்ணாடி போடுவார்' என்பேன். எரிந்து விழுகிற ஆள் என்றால் 'பொறுப்பானவர்' என்பேன்.

நான் மண் கவ்வியது ஒரே இடத்தில், என் சொந்த வீட்டில். மகளைப் பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. 'பிள்ளைக்கு இருபத்தொன்பது' என்றேன். தேநீரோடு வந்தவள் தட்டை வைக்கும் முன்பே, "முப்பத்தொண்டு. அப்பாவுக்குக் கணக்கு வராது" என்றாள். வந்தவர்கள் ரோல்ஸைப் பாதி கடித்தபடி வைத்துவிட்டு எழும்பிவிட்டார்கள். இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், பொய் என்றால் அவளுக்கு உடம்பே கூசும். பிறகு தானாகவே ஒருவரைத் தேடிக்கொண்டாள். என்னிடம் அறிமுகப்படுத்தும்போது அவருடைய வயதைத்தான் முதலில் சொன்னாள். இப்போது ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பொறுப்பான பதவியில் இருக்கிறாள். அதனால் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் நான் கதிரையிலிருந்து எப்படி எழும்புகிறேன் என்று கவனிக்கிறாள். நானும் முழங்காலைப் பிடிக்காமல் எழும்பி நடித்துக் காட்டுகிறேன்.

பெடியன் அவள் வீட்டிலிருந்து வந்தவன். பெடியன் என்று நான் கூப்பிடுவது ஒரு கினிப்பன்றியை. வாலில்லாத, இரண்டு கைக்குள் அடங்குகிற, மண்ணிறமும் வெள்ளையும் கலந்த பிராணி. பேத்தி கேட்டாள் என்று ஒரு சோடி வாங்கியிருந்தார்கள். பிறகு பேத்திக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது என்று சொல்லி, 'ரெண்டு கிழமைக்கு மட்டும் வைச்சிருங்கோ அப்பா' என்று மகள் கூட்டோடு கொண்டுவந்து என் வரவேற்பறையில் இறக்கினாள். மனைவி கண்ணை மூடிச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. இது நடந்து மூன்று வருடத்துக்கு மேல். அந்த இரண்டு கிழமை இன்னும் முடியவில்லை.

நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடும் சுவிஸ்காரர்களைப் பற்றி நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன் நான். ஒரு மாதத்துக்குள் என் தேநீருக்கு முன் அவர்களுக்கு வெள்ளரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் போதும், இரண்டும் விசிலடிக்கும். என்னைக் கண்டு விசிலடித்தவர்கள் அதற்கு முன் யாருமில்லை. 'உந்த எலியள் இன்னும் இருக்குதோ?' என்று நண்பன் ஒருவன் கேட்டபோது, அவனோடு ஒரு மாதம் கதைக்காமல் இருந்தேன்.

கோடை தொடங்கியபோது பெட்டை செத்துப்போனாள். பெடியன் அவள் படுத்த மூலையிலேயே போய்க் குந்திக்கொண்டான். குளிர்சாதனப் பெட்டியை நான் வேண்டுமென்றே படார் படார் என்று திறந்து மூடினேன். விசில் இல்லை. வெள்ளரிக்காய் வாடிப்போய்க் கிடந்தது. மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் பேத்தியைவிடக் கொஞ்சம் பெரிய பெண். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "நோய் எதுவும் இல்லை. துணை போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் இவை தின்னாமல் இருந்தால் குடல் நின்றுவிடும். அதிக நாள் தாங்காது" என்றாள். ஊசியில்லாத சிரிஞ்சில் அரைத்த தீனியை வாய்க்குள் விடக் காட்டித் தந்தாள். சீக்கிரம் ஒரு துணை தேடச் சொன்னாள். இந்த நாட்டில் கினிப்பன்றியைத் தனியாக வைத்திருப்பது சட்டப்படி தப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"நான் மூன்று வருடமாய்த் தனியாய் இருக்கிறேன், ஒரு பொலிஸும் வரவில்லையே" என்று பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. "உங்களைப் பார்க்க யாராவது வருகிறார்களா?" என்று கரிசனையாகக் கேட்டாள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

துணைக்கு இரவலாகக் கினிப்பன்றி கொடுக்கிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். நம்முடைய பிராணி வாழ்ந்து முடியும்வரை வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். லுற்சேர்ன் பக்கம் இருந்தவரிடம் அந்த நேரம் எதுவும் மிச்சமில்லை. டாவோஸில் ஒருவரிடம் இருக்கிறது என்றார்கள். டாவோஸ் எனக்குப் புதிதல்ல. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அங்கே ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் பனிக்காலம் முழுவதும் கோப்பை கழுவியவன் நான். மேலே மலை இருந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அந்தப் பெண்மணிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பேசியதெல்லாம் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில். எனக்கு விளங்கிய அளவில் தமிழில் தருகிறேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஆணுக்கு விதை எடுத்தாயிற்றா?" என்பது. இத்தனை வருடத்தில் பெண் வீட்டார் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. 'ஓம்' என்று பெருமையாகச் சொன்ன ஒரே தரகனும் நானாகத்தான் இருப்பேன். அடுத்த கேள்வி, வயது. இங்கேதான் சனியன் நாக்கில் வந்து குந்தியது. பெடியனுக்கு வயது ஐந்து. என் விதிப்படி ஐந்தைக் குறைத்தால் அவன் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் இரண்டைக் குறைத்து, "மூன்று" என்றேன். அவனுடைய வலது கண்ணில் வெண்படலம் விழுந்திருந்ததை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த தடை மகள். எழுபத்தைந்து தாண்டியவர்கள் கார் ஓட வைத்தியரின் சம்மதம் வேண்டும். வைத்தியர் சரி என்றிருந்தார். மகள் சரி என்று சொல்லவில்லை. "ஊருக்குள்ள ஓடுங்கோ. ஓட்டோபானில தனிய ஓடப்படாது, சொல்லிப்போட்டன்" என்று கட்டளை, அதிவேகச் சாலை எனக்குக் கூடாதாம். நான் 'ஓம் பிள்ளை' என்றிருந்தேன். அவளுக்கு வேலை, பேத்திக்குப் பள்ளிக்கூடம். இந்த அற்ப விஷயத்துக்கு அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் மறித்துவிடுவாள் என்று பயம்.

பெண் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. விடிய எழும்பி உழுந்துவடை சுட்டேன், அது பெண்மணிக்கு. தமிழ்க் கடையில் வாங்கி வைத்த ஒரு பிடி முருங்கை இலை, அது பெண்ணுக்கு. பெடியனைச் சீப்பால் வாரி, பெட்டிக்குள் புது வைக்கோல் போட்டு, முன்சீட்டில் வைத்துப் பட்டி மாட்டினேன். நானும் இஸ்திரி போட்ட சேர்ட் அணிந்துகொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது மாப்பிள்ளையின் தகப்பன் போலவே இருந்தேன்.

ஓட்டோபானில் நான் போன வேகத்துக்குப் பின்னால் வந்த லொறிகளெல்லாம் ஹோர்ன் அடித்தன. "உன்ர கலியாணத்துக்கு மேளம் அடிக்கிறாங்கள்" என்று பெடியனுக்குச் சொன்னேன். அவன் மூக்கைக்கூட அசைக்கவில்லை. வெள்ளிக்கிழமை, மத்தியானத்துக்கு முன் ராகுகாலம். அந்த நேரத்தில் பெண் வீட்டு வாசலை மிதிக்க நான் என்ன மடையனா? வாலன்சே ஏரிக்கரையில் ஒரு தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, ஒரு மரவாங்கில் குந்திக் காத்திருந்தேன். பெடியனை மடியில் வைத்து சிரிஞ்சால் தீனி விட்டேன். பாதியை என் இஸ்திரி சேர்ட்டில் துப்பினான். கையில் அவன் விலா எலும்பு தட்டுப்பட்டது. போன கிழமை அது தட்டுப்படவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது. ராகுகாலம் பார்க்கிற நேரமா இது என்று என்னை நானே திட்டினேன். ஆனாலும் அது முடியும்வரை இருந்துவிட்டுத்தான் எழும்பினேன்.

பக்கத்து வாங்கில் இருந்த ஒரு கிழவர், எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். "இவருக்குக் கலியாணம்" என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் எழும்பி வந்து, பெடியனின் முன்னங்காலை விரலால் தொட்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

டாவோஸில் அந்தப் பெண்மணி தோட்டத்து வாசலிலேயே நின்றார். அறுபது இருக்கும். ரப்பர் சப்பாத்து, கையில் புல் அரிவாள். வடையை வாங்கி மணந்து பார்த்துவிட்டு, "அங்கேயிருந்து தனியாகவா ஓடி வந்தீர்கள்? உங்களுக்கு என்ன வயது?" என்றார்.

"எழுபத்தொன்று" என்றேன். நான் யோசிக்கவே இல்லை, அது தானாக வந்தது.

வேலி போட்ட ஒரு சின்ன இடத்தில் பெடியனை இறக்கினோம். அவர் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டார். பளபளவென்று கறுப்பு, துறுதுறுவென்று இளம் பிள்ளை. 'அடித்தது யோகம்' என்று நினைத்தேன். அவள் இரண்டு தரம் அவனைச் சுற்றி ஓடினாள். மூன்றாம் தரம் பின்பக்கத்தில் ஒரு கடி கடித்தாள். பெடியன் மூலைக்குப் போய் வேலியைப் பார்த்துக் குந்திக்கொண்டான். அவள் விடவில்லை, திரும்பவும் போய் இடித்தாள்.

பெண்மணி அவனைத் தூக்கினார். நகத்தைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வலது கண்ணுக்கு முன்னால் விரலை அசைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இவனுக்கு மூன்று வயதில்லை."

"ஐந்து" என்றேன்.

"இந்தக் கண்ணும் தெரியாது. நீங்கள் சொன்னதை நம்பித்தான் இளையவளைத் தெரிவு செய்து வைத்தேன். பொய் சொல்லிக் கொண்டுவந்தால் நான் எப்படிப் பொருத்தம் பார்க்கிறது? இவளோடு விட்டால் பயத்திலேயே இவன் செத்துப்போவான்." கோபத்தில் அவருக்குக் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "வேறு என்ன பொய் சொன்னீர்கள்?"

எத்தனை பேச்சுக்காலில் எத்தனை பேரைச் சமாளித்தவன். என் பார்வை பெடியனிடம்தான் போனது. அவர் கையில் பெடியன் துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தான். இப்படியே திரும்பக் கொண்டுபோனால் அடுத்த வெள்ளிக்கு அவன் இருக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

"எனக்கும் எழுபத்தொன்று இல்லை" என்றேன். "எழுபத்தாறு."

அவர் பெடியனை மூலையில் இறக்கி விட்டார். இளையவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரும்போது வேறொருத்தியைக் கொண்டுவந்தார். காது ஒன்று கிழிந்து, முதுகில் மயிர் கொட்டி, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிற கிழவி. "இவளுடைய துணையும் பனிக்காலத்தில் போய்விட்டது" என்றார். தரகன் மனது கேட்குமா? 'எங்கட பெடியனுக்கு இதுதானா கிடைத்தது' என்று ஒரு கணம் உள்ளுக்குள் முறுகினேன். வெட்கமில்லாத மனது.

கிழவி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக என் காலடிக்கு வந்தாள், கையிலிருந்த முருங்கை இலையை மணந்து. ஒரு காம்பைக் கீழே போட்டேன். கறுக் கறுக்கென்று கடிக்கத் தொடங்கினாள். மூலையில் இருந்த பெடியன் தலையைத் திருப்பினான். பிறகு மெதுவாக, தெரிகிற கண் முன்னால் இருக்கும்படி சரிந்து சரிந்து வந்தான். கிழவி நகரவில்லை, கடிக்கவும் இல்லை. அவன் காம்பின் மற்ற நுனியில் வாயை வைத்தான். ஒரு இலை. பிறகு இன்னொன்று. சிரிஞ்சும் இல்லாமல், கெஞ்சலும் இல்லாமல் அவன் தின்றான்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியில் ஒரு தூசியும் இல்லை.

"சரி" என்றார் பெண்மணி. "ஆனால் ஒன்று. உங்களுக்கு ஏதும் நடந்தால் இவை இரண்டையும் யார் எடுப்பார்கள்? வயதானவர்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். அந்த ஆளோடு நானே கதைக்க வேண்டும். அது சரிவராவிட்டால் தரமாட்டேன்."

வேறு யார் இருக்கிறார்கள்? மகளுக்கு அழைத்தேன்.

"அப்பா, நான் வேலையில. என்ன அவசரமோ?"

"அவசரமில்லைப் பிள்ளை. இஞ்ச ஒரு மனிசி உன்னோட கதைக்கவேணுமாம்."

"எந்த மனிசி? நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"டாவோஸில."

"ஆர் கார் ஓடினது?"

"நான்தான். பெடியன் பக்கத்தில இருந்தவன்."

பெண்மணி நிலைமையை விளங்கிக்கொண்டு போனை என் கையிலிருந்து வாங்கினார். வாங்கியவர் ஏதோ தட்ட, அது ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. மகளுக்கு அது தெரியாது. இரண்டு பேரும் சுவிஸ் டொச்சில் வேகமாகக் கதைத்தார்கள். வேகமாகக் கதைத்தால் எனக்கு விளங்காது என்று மகள் எப்போதும் நினைப்பாள். நானும் அப்படியே நினைக்க விட்டிருந்தேன்.

"இவன் உங்கள் வீட்டிலிருந்து போனவனாம். பிள்ளைக்கு ஒவ்வாமை என்று அப்பா சொல்லியிருந்தார். அப்படியானால் நீங்கள் எப்படித் திரும்ப எடுப்பீர்கள்?" என்று பெண்மணி கேட்டார்.

மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒவ்வாமை ஒன்றும் இல்லை. அப்பாவிடம் அப்படிச் சொன்னேன். அம்மா போன பிறகு அப்பா ஒழுங்காகச் சமைக்கவில்லை, காலையில் எழும்பவே இல்லை. துணைக்கு வைத்திருங்கோ என்றால் கோபித்திருப்பார். அதனால் உதவி கேட்பதுபோலக் கொண்டுபோய் விட்டேன். என் மகள் நாலு நாள் அழுதாள்."

நான் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை காலம் ஊருக்கெல்லாம் சம்பந்தம் பேசியவன். எனக்கே ஒரு சம்பந்தத்தைப் பேசி, குறையை மறைத்து, தலையில் கட்டி முடித்திருக்கிறாள் என் மகள். மூன்று வருடமாக எனக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை.

பெண்மணி என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு வேண்டுமென்றே, "அப்பாவுக்குச் சரியாக என்ன வயது?" என்று கேட்டார்.

"எழுபத்தொன்று" என்றாள் மகள். அவள் யோசிக்கவே இல்லை.

போனை என்னிடம் திருப்பித் தந்தபோது பெண்மணியின் வாய் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை இன்றும் மறக்கவில்லை. "மகள் எடுப்பாராம், இரண்டையும்" என்றார். பெட்டிக்குள் கிழவியை வைக்கும்போது, "நல்ல குடும்பம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

நான் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். வேலையைப் பாதியில் விட்டு, ரயில் மாறி மாறி வந்து சேர்ந்தாள். அதற்குள் நானும் பெண்மணியும் வடை முழுவதையும் தின்று முடித்திருந்தோம். மகள் என்னிடம் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். பின்சீட்டில் பெட்டி, முன்சீட்டில் நான். பட்டியை அவளே இழுத்து எனக்கு மாட்டிவிட்டாள், நான் காலையில் பெடியனுக்கு மாட்டியது மாதிரி.

வாலன்சே ஏரி திரும்பவும் வந்தது. பின்சீட்டில் கறுக் கறுக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏன் பிள்ளை அந்த மனிசிக்கு என்ர வயசைக் குறைச்சுச் சொன்னனீ?" என்று கடைசியில் கேட்டேன்.

அவள் சடாரென்று என்னைப் பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பினாள். "நீங்கள் கேட்டனீங்களோ?"

"ஸ்பீக்கரில கிடந்தது."

அவளுடைய காது சிவந்தது. நான் எதையெல்லாம் கேட்டிருப்பேன் என்று அவள் கணக்குப் போடுவது எனக்கு விளங்கியது. தும்மலைப் பற்றி நான் கேட்கவில்லை. பேச்சுக்காலில் எல்லாவற்றையும் கிண்டக்கூடாது. ஆனால் நெஞ்சு நிறைந்துபோய், அந்த ஏரியைப் பார்த்தபடியே இருந்தேன்.

"உங்களைப்பற்றி எனக்குத் தெரியாதே?" என்றாள். "ஆம்பிளையெண்டால் அஞ்சைக் குறைக்கிற ஆள். எழுபத்தொண்டு எண்டுதான் சொல்லியிருப்பியள் எண்டு நினைச்சன். ஒருநாளும் இல்லாமல் இண்டைக்கு உண்மையைச் சொல்லிப்போட்டு நிப்பியள் எண்டு எனக்கென்ன தெரியும்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"இனி ஆரும் கேட்டால் ரெண்டு பேரும் ஒரே வயசைச் சொல்லுவம்" என்றாள்.

"எந்த வயசை?"

முன்னால் போன லொறியை முந்திவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"எழுபத்தொண்டு."